கத்தரிப்பூ நிறம்

“ஐயோ, பால் கட்டிக்கிட்டு உட்காந்திருக்கா. பிள்ளைகிட்ட போக விட்டானா பாரு.”

கண்காட்சிக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண், ஓர் ஓவியத்தின் முன் நின்று தன்னோடு வந்தவளிடம் சொன்னாள். படத்தை வரைந்த பூவராகன் பின்னால் நிற்பதை அவள் கவனிக்கவில்லை.

நூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியர்களின் பாணியில் அவன் வரைந்த கடற்கரை அது. இளஞ்சிவப்பு மணல், மஞ்சள் கடல், தடித்த கருங்கோடுகள். நடுவில், குப்பத்திலிருந்து அவன் அழைத்துவந்து உட்காரவைத்து வரைந்த ஒரு மீனவப் பெண் சோம்பலாக உட்கார்ந்திருந்தாள். அவள் ரவிக்கையில் விழுந்த கத்தரிப்பூ நிற நிழலுக்காகவே முதல் பரிசு என்று நடுவர்கள் சொல்லியிருந்தார்கள்.

அவன் கொதித்துப்போய்த் தன் ஆசிரியை தாட்சாயணியை அழைத்துவந்தான்.

“பெருக்க வந்தவங்கல்லாம் படத்துக்கு அர்த்தம் சொல்றாங்க டீச்சர்!”

தாட்சாயணி வெகுநேரம் படத்தைப் பார்த்தார்.

“வெயில் எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். காலை வெயில்.”

“அப்ப நிழல் வலது பக்கம் விழணும். இது ரெண்டு பக்கமும் வட்டமா இருக்கே.”

“கண்ணுக்குத் தெரிஞ்சதை வரைஞ்சேன்.”

“நிழல் இல்லப்பா. ஈரம். அவ ஒண்ணும் சொல்லலையா?”

“வீட்டுக்குப் போகணும்னு ரெண்டு தடவை கேட்டா. அப்புறம் கேக்கல.”

“நீ என்ன சொன்னே?”

“கொஞ்சம் இரும்மான்னேன்.”

“எவ்வளவு நேரம்?”

“நாலு மணி நேரம் இருக்கும்.”

தாட்சாயணி ஒரு ஸ்டூலை இழுத்துப் படத்தின் முன் போட்டார்.

“உட்கார்.”

உட்கார்ந்தான்.

அடுத்த அரங்கில் பரிசளிப்பு தொடங்கியது. ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னார்கள். எழுந்தான்.

“உட்காருன்னு சொன்னேன்.”

“எல்லாரும் காத்திருக்காங்க டீச்சர்.”

“காத்திருக்கட்டும்.”

மறுபடியும் அவன் பெயர் ஒலித்தது. கைதட்டல் எழுந்து அடங்கியது.

“மூணு வருஷம் இதுக்குத்தான் உயிரைக் குடுத்தேன்! இப்ப போகலன்னா வேற ஒருத்தனுக்குப் போயிடும். உங்களுக்கு என்ன கோபம் என்மேல?” அவன் கத்தினான்.

“கொஞ்சம் இருப்பா,” என்றார் தாட்சாயணி.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்து படத்தின் பக்கம் திரும்பினான்.

ஒலிபெருக்கியில் வேறொரு பெயரைக் கூப்பிட்டார்கள்.

பூவராகன் எழுந்து, படத்தை ஆணியிலிருந்து கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக மீனவர் குப்பத்தை நோக்கி நடந்தான்.