மாடி ஜன்னல் சாட்சி

சமயமும் சமூகத் தலைமையும் பற்றிய முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தாள் செண்பகவடிவு. ஆற்றில் வெள்ளம் வந்ததும் வகுப்பை விட்டுவிட்டு, ஐந்து நாள் நிவாரண முகாமில் கஞ்சி காய்ச்சினாள். அதையே களப்பணி அறிக்கையாக எழுதிக் கொடுத்தாள்.

வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா முன்னாலேயே, துறைத்தலைவர் மெய்யப்பன் அறிக்கையைத் தூக்கி எறிந்தார்.

"கஞ்சி காய்ச்சுறதெல்லாம் களப்பணியா? அங்க உன்னைப் பார்த்த ஒரு சமயத் தலைவர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லேன்னா பட்டம் கிடையாது!"

முகாம் பக்கம் எந்தத் தலைவரும் எட்டிப் பார்க்கவில்லை. அது அவருக்கும் தெரியும். செண்பகவடிவு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அப்போ நீங்களே போடுங்க ஐயா."

"நானா? நான் எங்க வந்தேன்?"

"நீங்க வரலீங்க. நாங்கதான் வந்தோம். முகாம்ல இடம் பத்தாம, நனைஞ்ச பிள்ளைகளோட நாப்பது பேர் நம்ம காலேஜ் மண்டபக் கதவைத் தட்டினோம். மாடி ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க? உங்களைவிட நல்ல சாட்சி யாருங்க?"

தேர்வாளர் அம்மா அவர் பக்கம் திரும்பினார். "கதவைத் திறக்கலியா?"

"மேடம், தலைமைப் பண்பு மாநாட்டுக்காக அப்பதான் புதுக் கம்பளம் விரிச்சிருந்தோம்..."

அந்த அம்மா கீழே கிடந்த அறிக்கையைத் தானே குனிந்து எடுத்து, கையெழுத்துப் போட்டார்.