பந்தி போன வீடு

அசனம் என்கிற சபை விருந்துக்கு வீட்டுக்கு ஒரு படி அரிசி. எல்லா வீட்டு அரிசியும் கோயில் வளாகத்தில் ஒன்றாக வேகும். சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் வருஷாவருஷம் நடக்கிற வழக்கம் அது.

அரிசி வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்த உபதேசியார் ஞானசிகாமணி ஒரு பையை மட்டும் சுவரோரமாக ஒதுக்கி வைத்திருந்தார். சபைக் குருவானவரான ஐயர் அதைப் பார்த்துவிட்டார். ஐயரைவிட, அவருக்கு உதவியாக ஊழியம் பார்க்கும் உபதேசியாருக்கு வயது அதிகம். ஆனாலும் சந்தேகம் என்று வந்தால் அவர் கேட்பது ஐயரிடம்தான்.

"வேதமுத்து வீட்டு அரிசி, ஐயா. அவன்தான் போன வருஷமே நம்மள விட்டுட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்க சபைக்குப் போயிட்டானே. அவன் பொண்டாட்டி கொண்டாந்து வச்சிருக்கா. சேக்கலாமா?"

 ஐயர் பையை எடுத்து மற்ற அரிசியோடு கொட்டினார்.

உபதேசியாருக்கு முகம் வாடிவிட்டது. அவரும் வேதமுத்துவும் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாடி வளர்ந்தவர்கள். போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? அந்த வலியைத்தான் அவர் கோபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வேதமுத்து பனையிலிருந்து விழுந்து, கால் ஒடிந்து கட்டிலில் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டும் எட்டிப் பார்க்கவில்லை. உபதேசியாரே போகவில்லை என்று சபையாரும் போகவில்லை.

மதியம் இலை போட்டாயிற்று. ஐயர் ஜெபம் பண்ணினால்தான் இலையில் சோறு விழும். அவரோ பந்தியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எல்லாரும் வந்தாச்சு, ஐயா," என்றார் உபதேசியார்.

"அரிசி தந்த எல்லாருமா?"

உபதேசியாருக்குப் புரிந்தது. "அவனால எப்படி வர முடியும்? எந்திரிச்சு நிக்கவே முடியாதுங்காங்க."

"அதுவும் சரிதான்," என்ற ஐயர், சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். அன்றைக்கு முதலில் பறந்தது வீம்பு. முணுமுணுத்துக்கொண்டே ஆளுக்கொரு இலையை எடுத்துக்கொண்டு சபை சாம்பாருக்குப் பின்னால் போயிற்று. சோற்று அண்டாவுக்குக் கம்பு கொடுத்துத் தூக்கி வந்தார்கள்.

வீட்டு முற்றத்தில் வேதமுத்து கட்டிலில் படுத்திருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சபைப் போதகர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கூட்டத்தைக் கண்டதும் கையைத் துடைத்துவிட்டு எழுந்தார். ஒன்றும் கேட்காமல் தண்ணீர்க் குடத்தை எடுத்துப் பந்திக்குத் தண்ணீர் வைக்கத் தொடங்கினார்.

வேதமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. உபதேசியாரைப் பார்க்க முடியாமல் ஐயரைப் பார்த்துச் சொன்னார்.

"நான் உங்களையெல்லாம் விட்டுட்டுப் போனவன், ஐயா."

ஐயர் உபதேசியார் பக்கம் திரும்பினார். குரலில் கண்டிப்பு இல்லை, பிரியம்தான் இருந்தது.

"நீங்களும் காலையில இதைத்தான் சொன்னீங்க. அவரு நம்மள விட்டுட்டுப் போனாரு, சரி. நாம எப்ப அவர விட்டுட்டுப் போனோம், உபதேசியாரே?"

 உபதேசியார் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் இலையை இரண்டு பேருக்கும் நடுவில் விரித்தார்.