கறையானை வேலைக்கு எடுத்த காப்பகம்

மணல்குறிச்சி ஆவணக் காப்பகத்தில் மூன்று பேர் வேலை. காப்பாளர் சடகோபன், உதவிக்கு முனிரத்தினம், லூர்துசாமி. மேலிடத்தில் சொன்ன சொல்லை மூவரும் தட்டவே மாட்டார்கள். அதுதான் அவர்களோடு பெரிய ரோதனை.

அந்த வருஷம் சடகோபன் வளர்ச்சி நிதி கேட்டிருந்தார். கிடைக்காவிட்டால் கட்டடத்தை இழுத்து மூடிவிட்டு ஆவணக் கட்டுகளையெல்லாம் லாரியில் ஏற்றிவிடுவார்கள். வேப்பிலை போட்டுக் கண்ணாகக் காத்த கட்டுகள். நினைத்தாலே மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

பார்வையிட வந்த அதிகாரி மங்கையர்க்கரசி ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இவ்வளவு நல்லா வச்சிருந்தா எப்படிங்க நிதி தர்றது? சேதம் இருந்தாத்தான் விதிமுறையில இடமிருக்கு."

அவர் ஜீப் கிளம்பியதும் மூவரும் கூடிப் பேசினார்கள்.

"சேதத்துக்கு எங்கப்பா போறது?" என்றார் சடகோபன்.

"கறையான்தாண்ணே இதுல கைதேர்ந்தது," என்றார் முனிரத்தினம். "எங்க கொல்லையில சும்மாதான் கிடக்கு."

லூர்துசாமிக்குச் சந்தேகம். "அரசாங்க வேலைக்கு வெளியாள எடுக்கலாமா?"

"தற்காலிகமா எடுக்கலாம்," என்று தீர்ப்புச் சொன்னார் சடகோபன்.

புற்றை வெட்டிக் கூடையில் கொண்டுவந்து அலமாரிக்கடியில் வைத்தார்கள். வந்தவை சம்பளம் கேட்காமல் வேலையில் இறங்கின. கட்டுகளின் ஓரம் அரிபட்டதும் சடகோபன் அதிகாரிக்குப் போன் போட்டார்.

"ரொம்ப நல்லது. நிதி வந்த மாதிரிதான்," என்றார் அம்மையார். "நான் வந்து பாக்குறவரைக்கும் எதையும் தொடாதீங்க."

தொடுவாரா சடகோபன்? எதிரே நாற்காலி போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கட்டுக் கட்டாகப் போவதைப் பார்த்துப் பார்த்து அழுதார், பாவம். கை மட்டும் நீளவில்லை.

மழைக்காலம் ஓய்ந்த பிறகுதான் மங்கையர்க்கரசி வந்தார், நிதி உத்தரவும் கறையான் மருந்துமாக. அலமாரியில் கட்டுக் கட்டின கயிறு மட்டும் மிச்சம்.

"அடப்பாவிகளா, ஆவணமெல்லாம் எங்கய்யா?"

"பத்திரமா இருக்கும்மா," என்று சடகோபன் மூலையைக் காட்டினார். வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். உள்ளே கறையான். மேலே ஒட்டிய சீட்டில் நிலப்பதிவு, கோயில் கணக்கு, வாய்க்கால் வழக்கு. "எது எதைத் தின்னுச்சோ அந்தந்த ஜாடியில போட்டுட்டோம். கையால தொடலைம்மா, முறத்தால அள்ளினோம்."

அம்மையார் மருந்து டப்பாவைத் திறந்தார். மூவரும் குறுக்கே போய் விழுந்தார்கள்.

"ஊரோட சரித்திரம்மா, மருந்து அடிச்சுராதீங்க," என்று சடகோபன் கெஞ்சினார். கெஞ்சிக்கொண்டே வாய்க்கால் வழக்கை எடுத்து மார்போடு அணைத்தவர், வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதுல குஞ்சு பொரிச்சிருக்கும்மா. நகல் எடுக்கிறதுக்குன்னு தனி நிதி உண்டா?"