எஞ்சினுக்குப் போட்ட மாலை

சரவணம்பட்டியில், சத்தி ரோட்டோரம் இருக்கிறது அம்சவேணியின் மெக்கானிக் ஷெட். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் காரைக் கயிறு கட்டி அங்கே இழுத்து வந்தார்கள். கூடவே நடந்து வந்த காரின் சொந்தக்காரர் நாச்சிமுத்து வாத்தியார், யார் கிடைத்தாலும் பாய்வதற்குத் தயாராக இருந்தார்.

கார் சாதாரணக் கார் அல்ல. மற்ற கார்களுக்கு முன்னால் இருக்கிற எஞ்சின் இதற்குப் பின்னால். பின்னால் இருக்க வேண்டிய டிக்கி முன்னால். இதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி மூடி நாற்பது வருடம் ஆகிவிட்டது. பெட்ரோல் பங்கில் பையன்கள் டேங்க் மூடியைத் தேடிச் சுற்றிச் சுற்றி வருவார்கள். வாத்தியாருக்கு அதில் அப்படி ஒரு பெருமை.

வால்பாறை எஸ்டேட் ஒன்றிலிருந்து வாங்கி வந்த நாள் முதல், வண்டியில் இன்னொருவர் கை பட அவர் விட்டதில்லை. எஞ்சின் ஆயிலை மாற்றுகிறேன் என்று கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினார். பிளக் ஒயர்களை இடம் மாற்றி மாட்டி, தெருவே எழுந்து வந்து பார்க்கும்படி வெடிக்கவிட்டார். பிரேக் ஆயிலைச் சிந்தி ஒரு பக்கப் பெயின்ட்டை உரித்தார். ஒவ்வொரு தடவையும் தப்பு ஸ்பேனருடையது. இல்லாவிட்டால் வீடியோ போட்டவனுடையது. அதுவும் இல்லாவிட்டால், டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற மனைவி வசந்தாமணியுடையது.

பாவம், முப்பத்தைந்து வருடம் கெமிஸ்ட்ரி நடத்திய மனிதர். தப்பை அடுத்தவர் தாளில் தேடியே கண் பழகிவிட்டது.

ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அம்சவேணியிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் பிளஸ் டூ படித்தவள்தான். ஃபார்முலா தெரியவில்லை என்று அவர் வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த பெண். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"உங்களை நான் சார்னுதான் கூப்பிடுவேன். ஆனா ஷெட்டுக்குள்ள நான் மேஸ்திரி. சரின்னா வாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

"என்னாச்சுங் சார்?" என்றாள் இப்போது.

"ஆயுத பூஜைக்கு மாலை போட்டிருந்தோம். வசந்தா கட்டின லட்சணம், லூஸாப் போச்சு. பூவெல்லாம் ஃபேன்ல சிக்கி எஞ்சின் சூடாயிருச்சு. பண்ணாரி கோயிலுக்குக் கிளம்பினோம். புளியம்பட்டி தாண்டறதுக்குள்ள ஒரே புகை."

இவ்வளவுதான் சொன்னார். ஏதோ தீய்கிற வாசம் வருகிறது என்று வசந்தாமணி மூன்று தடவை சொன்னதையும், பேசாமல் வா என்று அவர் அதட்டியதையும் சொல்லவில்லை. டீக்கடை முன்னால் பத்துப் பேர் பார்க்க, "உன்ற கை பட்டது எதுதான் விளங்கியிருக்கு?" என்று கத்தியதையும் சொல்லவில்லை. அவள் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, சத்தியமங்கலத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். பன்னிரண்டு நாள் ஆகிறது. அத்தனை நாளும் வண்டி வீட்டு வாசலில்தான் கிடந்தது. போனை எடுப்பதில்லை. இனிமேல் வரவே மாட்டாளோ என்று அவருக்குப் பயம். அந்தப் பயமும் வாயைத் திறந்தால் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"சீக்கிரம் சரி பண்ணுங்க மேஸ்திரி. வண்டியை அவ தம்பி வீட்டு வாசல்லயே கொண்டுபோய் நிறுத்தி, ஹார்ன் அடிச்சுக் கூட்டிட்டு வரணும்."

அம்சவேணி பின்பக்க மூடியைத் திறந்தாள். கருகிய செவ்வந்தி வாசம் குப்பென்று அடித்தது. காற்றுப் போகிற துவாரமெல்லாம் பூ அடைத்திருந்தது. ஃபேன் பெல்ட் கழன்று தொங்கியது. மாலையின் முனையை இழுத்து எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதென்னங் சார்?"

"மாலை."

"மாலை சரிங்க. இது?"

கட்டுக்கம்பி. இரண்டு முனையையும் பிளையர் போட்டு முறுக்கி, கையில் குத்தாமல் இருக்க நுனியை உள்பக்கம் மடித்துவிட்டிருந்தது.

"பூக் கட்டற கை கம்பியில கட்டாதுங்க. இந்த மடிப்பு நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது."

வெல்டர் ராயப்பன் அந்தப் பக்கம் திரும்பி இருமினான். வாத்தியாருக்குக் காது மடல் வரை சுட்டது.

"வண்டிக்கு முன்னாடி போடலாம்னு அவ சொன்னா. பூஜை எஞ்சினுக்குத்தானே? எஞ்சின் எங்கே இருக்கு? பின்னாடிதானே? அவளுக்கு அது புரியல. அதனாலதான் நானே..."

அதற்கு மேல் வாக்கியம் போகவில்லை. போகாத வாக்கியத்துக்குப் பதிலாகக் குரல் உயர்ந்தது.

"நான் ரிப்பேருக்கு வந்தேனா, விசாரணைக்கு வந்தேனா?"

"நானும் ரிப்பேர்தாங்க பாக்கறேன்."

"நீங்க மட்டும் என்ன? நாள் பூராக் கத்தறீங்க. அன்னிக்கு ராயப்பனை என்ன பேச்சுப் பேசுனீங்க! அவன் இங்கயேதான் நிக்கறான். உங்க டிபன்ல கைவெச்சுத்தான் சாப்பிடறான். நான் ஒரு நாள் கத்தினேன். வீடே காலி. எனக்கு மட்டும் ஏன் மேஸ்திரி?"

கேட்ட பிறகுதான் தெரிந்தது, பன்னிரண்டு நாளாக அவர் யாரிடமாவது கேட்க நினைத்தது இதைத்தான்.

அம்சவேணி கைவிளக்கை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"லைட்டைப் பிடிங்க சார். உள்ளே எவ்வளவு வெந்திருக்குன்னு பாக்கணும்."

சிலிண்டர் தலையின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நான்காவது போல்ட் அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு பைப்பைச் சொருகி நீட்டமாக்கினாள்.

"துருப் பிடிச்சிருக்கு மேஸ்திரி. எண்ணெய் விட்டு ஊற வெச்சா..."

"எனக்குத் தெரியும். லைட்டை ஆட்டாம பிடிங்க."

"இல்ல, ஒரு அரைமணி நேரம்..."

"பிடிங்கன்னா பிடிங்க!"

பைப்பின் மேல் முழு பாரத்தையும் போட்டாள்.

டக்கென்று ஒரு சத்தம். பாதி போல்ட் அவள் கையில். மீதிப் பாதி எஞ்சினுக்குள்.

அந்த போல்ட் இந்த ஊரில் கிடைக்காது. எந்த ஊரிலும் கிடைக்காது. அதை எடுக்கத் துளை போடும்போது கை நழுவினால் எஞ்சினே குப்பை. வாத்தியார் மனசுக்குள் எல்லாம் தயாராகிவிட்டது. லைட் ஆடியது என்பாள். துருப் பிடிக்க விட்டது நீங்கள்தானே என்பாள். சொல்லட்டும், இன்றைக்கு இவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது.

அம்சவேணியின் முகம் ரத்தமாகச் சிவந்தது. ஸ்பேனரைத் தூக்கிச் சுவர் ஓரமாக எறிந்தாள். அது தகரத்தில் பட்டு அலறி விழுந்தது.

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். கோபம் இன்னும் இறங்கவில்லை; மூச்சு வாங்கியது.

"நீங்க சொன்னீங்க. நான் கேக்கல. நான்தான் உடைச்சேன்."

அவ்வளவுதான். அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, பின்னாலும் ஒன்றும் இல்லை.

வாத்தியார் வாயைத் திறந்தார். திட்டுவதற்கு வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனியில்தான் நின்றது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"பரவால்லைங்க மேஸ்திரி. பாத்துக்கலாம்."

தன் வாய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

போல்ட்டின் மீதியை வெளியே எடுக்கவே சாயங்காலம் ஆயிற்று. வேறு யாரையும் அனுப்பாமல் அவளே லேத் பட்டறைக்கு எடுத்துப் போய், பக்கத்தில் நின்று புது போல்ட் கடைந்து வாங்கி வந்தாள். பெல்ட், கேஸ்கட், துவாரத்தில் அடைத்த பூ என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கப் புதன்கிழமை ஆயிற்று. மூன்று நாளும் வாத்தியார் கூடவே இருந்தார். ஒரு ஸ்பேனரைக்கூடத் திட்டவில்லை.

வியாழக்கிழமை காலை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்தது. பின்னாலிருந்து சீரான சத்தம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. புகையால் என்று துடைத்துக்கொண்டார். புகையே இல்லை.

கிளம்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"அவகிட்ட என்ன சொல்றது மேஸ்திரி?"

அம்சவேணி ஜன்னல் வழியாகக் கையை விட்டு எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எதிர்லயே சத்தி பஸ் நிக்கும். ஏறிப் போங்க சார்."

வாத்தியாருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்.

"பஸ்லயா? இத்தனை பாடும் எதுக்கு அப்புறம்? வண்டி நல்லாத்தானே ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது."

"வழியில நின்னுருமா?"

"நிக்காது. நான் பொறுப்பு."

"அப்புறம் என்னதாங்க உங்களுக்கு?"

"இதுல போனீங்கன்னா, சார், அங்க போயும் வண்டியைப் பத்தியேதான் பேசுவீங்க. கம்பி கட்டினது யாருன்னு வாயிலயே வராது."