ஒற்றை நாமக்கோழி

"இது ஆணா, பெண்ணா, அம்மா?"

கேட்டவர் பூதலிங்கம். அறுபத்திரண்டு வயது. மனைவி இறந்த மறுமாதம் குளக்கரைக்கு வந்து, ஆவுடையம்மாளிடம் பறவைகளைப் படிக்கத் தங்கிவிட்டவர். கிழவனுக்குக் கோழி மேய்க்க ஆசை வந்துவிட்டது என்று ஊர் சிரித்தது.

ஆவுடையம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஒரு காலத்தில் கண்ணி வைத்து நீர்ப்பறவை பிடித்தவள். இப்போது பிடிப்பதில்லை. பார்க்கிறாள்.

கோரைக்கு நடுவே ஒரு கறுப்புப் பறவை தனியே மிதந்தது.

முதலில் அதன் பெயரைச் சொல்லச் சொன்னாள்.

உடல் கறுப்பு, நெற்றி வெள்ளை, அதனால் நாமக்கோழி என்றார். நெற்றி சிவந்திருந்தால் தாழைக்கோழி. இது முங்கிப் பாசி தின்னும். பறக்க வேண்டுமானால் தண்ணீர்மேல் ஓடித்தான் எழும்பும்.

எல்லாம் சரி.

நேற்றுவரை இரண்டு இருந்தன. காலையில் பருந்து ஒன்றைத் தூக்கிப் போய்விட்டது. மிஞ்சியது எது என்று தெரிந்தாக வேண்டும் என்றார்.

"தெரிந்து?"

அவர் தனியே மிதந்த பறவையைப் பார்த்தார்.

"ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான், அண்ணாச்சி. குரல்தான் வேறு. கூப்பிடட்டும், சொல்கிறேன்."

காத்திருந்தார்கள். வானம் மூடியே இருந்தது. பறவை கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் பூதலிங்கம் சலித்துக்கொண்டார்.

"இப்படி வாயை மூடிக்கொண்டு கிடந்தால் யாருக்கு என்ன தெரியும்?"

ஆவுடையம்மாள் ஒரு தூக்குவாளியை அவர் பக்கத்தில் வைத்தாள். மூடியில் இருந்த நெளிசல் அவருக்குத் தெரியும். அவர் வீட்டு வாளி.

வெள்ளிக்கிழமைதோறும் மகள் சோறு கொண்டு வருவாள். ஆவுடையம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போவாள். தாயின் உடலை எடுத்த நாளிலிருந்து எட்டு மாதமாக அப்பா அவளோடு பேசவில்லை. சண்டை எதுவும் இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான்.

"அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்."

"என்ன சொன்னீர்கள்?"

"தெரியவில்லை என்றேன். அவர் இன்னும் கூப்பிடவில்லை என்றேன்."

பூதலிங்கம் கரையைப் பார்த்தார். தூறலில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு மகள் மடைப்பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாள்.