ஒரே காதில் போட்ட சேதி

அந்த மஞ்சள் மண்டியில் ஏலம் கேட்க நாலு வியாபாரிகள் வருவார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டார்கள்; ஆனால் விலை மட்டும் ஒரே பள்ளத்தில் போய் விழும். மஞ்சள் விற்க வரும் பாவாத்தாள் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், "நாலு பேரும் ஒரே கை" என்று ஏலக்களத்திலேயே போட்டு உடைத்துவிட்டாள்.

மண்டி அதிகாரி முன்னால் வியாபாரிகள் சங்கத் தலைவர் சென்னியப்பன் அவளை மடக்கினார்.

"அம்முணி, அதை இன்னைக்கே, இங்கயே காட்டோணும். இல்லைன்னா உன்ற மூட்டை இனி மண்டிக்குள்ள வராது."

"ஆகட்டுங்க."

அதிகாரியைத் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னாள். பிறகு தலைவரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"கோவத்துல பேசிட்டனுங்க. உங்களை நம்பிச் சொல்றேன், சிவப்புச் சாக்குல மட்டும் அடியில ஈர மஞ்சளுங்க. பார்த்து வித்துக் குடுங்க."

தலைவர் மீசைக்குள் சிரித்தார்.

ஏலம் தொடங்கியது. முதல் வியாபாரி மற்ற மூட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிவப்புச் சாக்கின் அடியில், மாதிரி எடுக்கும் குத்தூசியைச் செருகினார். அடுத்த இருவரும் அங்கேயே குத்தினார்கள். நாலாமவர் முட்டி வலிக்காரர். அவரும் முனகிக்கொண்டே குந்தினார். வந்ததெல்லாம் கலகலவென்று காய்ந்த மஞ்சள்.

"அடியில ஈரம்னு யார் சொன்னது?" என்றார் அதிகாரி.

நாலு பேரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"நான் ஒரே காதுலதானுங்க போட்டேன்," என்றாள் பாவாத்தாள். "நாலு ஊசி முனையில வந்து நிக்குது."

அதிகாரி ஏலத்தை ரத்து செய்து, நால்வரையும் தனித்தனி அறையில் உட்கார்ந்து விலை எழுதச் சொன்னார். வெகுநேரம் ஒரு கதவும் திறக்கவில்லை.

பாவாத்தாள் மூட்டைமேல் சாய்ந்துகொண்டாள்.

"அவசரப்படுத்தாதீங்க சார். தனியா யோசிச்சுப் பழக்கமில்லாதவங்க."