இசக்கியம்மாளின் காரில் கழற்றிய ஆடம்பரம்

மொட்டப்பாறையில் புத்தி விளைச்சல் என்றைக்குமே மட்டம்தான். அந்த ஊர் மாற்றுத்திறனாளி உதவிக் கமிட்டியில் நாலு பேர். தலைவர் ஆவுடையப்பன். கூட சுடலைக்கண்ணு, கொம்பையா, மாடக்கண்ணு. நாலு பேரும் உட்கார்ந்து யோசித்தால், ஒருத்தர் யோசிக்காமல் இருந்த அளவுக்குப் பலன் கிடைக்கும்.

காய்கறி வியாபாரி இசக்கியம்மாளுக்குச் சின்ன வயசில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் போய்விட்டது. விடியுமுன் மண்டி ஏலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் சொத்தைக் கத்தரிக்காய்தான் மிச்சம். அதை எவன் வாங்குவான்? அவள் அலைந்து, கத்தி, மனு மேல் மனு போட்டதில், காலுக்கு வேலையில்லாமல் கையாலேயே ஓட்டக்கூடிய கார் ஒன்று வந்து இறங்கியது.

ஊருக்கு வயிறு எரிந்தது. "நடக்கிற நமக்குச் சைக்கிள். நடக்காதவளுக்குக் காரா? அதுவும் ஏசி வச்சா?" புகார் மேலே போயிற்று. மேலேயிருந்து ஒரு வரி வந்தது: 'ஆடம்பரம் இருப்பின் நீக்கிவிட்டு வாகனத்தை ஒப்படைக்கவும்.'

கமிட்டி காரைச் சுற்றி நின்றது.

"ஆடம்பரம்னா எதுவே?" என்றார் கொம்பையா.

"நம்ம நாலு பேர்கிட்டயும் இல்லாதது எல்லாம் ஆடம்பரம்" என்றார் தலைவர். அப்படியொரு தெளிவு அவருக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

"ஏசி?"

"எவன் வீட்ல இருக்கு? கழட்டு."

"மெத்தை சீட்டு?"

"நான் கோரைப்பாயில படுக்கேன். கழட்டு." அந்த இடத்தில் தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்கள்.

அப்புறம், கால் பிரேக்குக்குப் பதிலாகக் கையால் பிடிக்கிற பிரேக் கம்பியில் கண் விழுந்தது.

"நாமெல்லாம் சைக்கிள்ல காலைத் தரையில தேச்சு பிரேக் பிடிக்கோம். இவ மட்டும் மகாராணி கணக்கா கையால பிடிப்பாளோ?"

"ஐயா, அதுக்குத்தானய்யா இந்தக் காரே! அதைக் கழட்டுனா நான் எப்படி ஓட்ட?" இசக்கியம்மாள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"உம்மேல எங்களுக்கு ஒரு கோவமும் இல்ல தாயி. உத்தரவு அப்படி" என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே கழற்றினார் மாடக்கண்ணு.

கடைசியில் இன்ஜின். நாலு பேரிடமும் இன்ஜின் இல்லை. அதுவும் இறங்கியது. சக்கரம் தப்பித்தது, சுடலைக்கண்ணுவிடம் தள்ளுவண்டி இருந்ததால். ஸ்டியரிங் தப்பித்தது, தலைவர் சைக்கிளில் ஹேண்டில்பார் இருந்ததால்.

"இந்தா தாயி, உன் கார்."

இசக்கியம்மாள் கையை ஊன்றிப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தாள். "ஒப்படைச்சாச்சுன்னு மேல எழுதணும்லா? ஓடாத வண்டியை வாகனம்னு எப்படி எழுதுவீங்க?"

கமிட்டி உத்தரவை மறுபடி எடுத்துப் பார்த்தது; 'வாகனத்தை' என்றுதான் இருந்தது. உத்தரவு கெட்டுவிடுமே! மறுநாள் விடியுமுன் நாலு பேரும் பின்னால் நின்று தள்ளினார்கள். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்து, "இடது பக்கம் மேடு, மூச்சுப் பிடிங்க!" என்று அதட்டினாள். ஏலத்துக்கு முதல் ஆளாய்ப் போய் நல்ல முருங்கையாய் அள்ளினாள். தினமும் அப்படியே.

ஊருக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. "ஒருத்திக்கு நாலு ஆளா? பல்லக்கு தோத்துச்சு!"

தலைவர் நடுரோட்டில் வண்டியை நிறுத்திக் கூட்டம் போட்டார்.

"நம்மை யாராவது தள்ளுறாங்களாடே?"

"இல்ல."

"அப்ப தள்ளுறதும் ஆடம்பரம். நிறுத்தணும்."

"நிறுத்துனா வாகனம் ஓடாதே அண்ணாச்சி?"

நாலு பேரும் ரோட்டிலேயே உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தார்கள். மண்டியில் ஏல மணி அடிக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. இசக்கியம்மாளுக்குப் பொறுமை போயிற்று.

"ஏய்யா, நானும் கூடத் தள்ளுனா அது ஆடம்பரமா?"

"அது எப்படி ஆடம்பரம் ஆகும்? அது உழைப்பு!" என்றார் கொம்பையா.

"உனக்குத்தான் இறங்கி நிக்க முடியாதே தாயி?" என்றார் தலைவர்.

"இறங்குவானேன்? உள்ள இருந்தே தள்ளுதேன்."

கமிட்டி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, தலையாட்டி, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. இசக்கியம்மாள் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இன்னொரு உள்ளங்கையை முன்கண்ணாடியில் வைத்து, "ஏலேலோ!" என்று முக்கினாள். வண்டி மண்டிச் சரிவில் இறங்கியது.

பின்னால் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்த சுடலைக்கண்ணு சொன்னார்:

"பாத்தீங்களா அண்ணாச்சி, அஞ்சாவது ஆள் கை வச்சதும் வண்டி எவ்வளவு லேசாப் போவுது! இத்தன நாளும் நம்மளை ஏமாத்தி இவ சும்மாவே உக்காந்திருக்கா!"